பால்பார்க் என்றதும் மைதானத்தைத் தேடாதீர்கள்: ஆங்கில மரபுத்தொடர்களைச் சமாளிக்கும் வழி

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். அமெரிக்க கிளையன்ட் ஒருவர் போனில் "கேன் யூ கிவ் மி எ பால்பார்க் ஃபிகர்?" என்று கேட்டார். ஃபிகர் என்றால் எண், அது தெரியும். பால்பார்க் என்பது ஏதோ எஸ்டிமேட் போடும் முறையின் பெயராக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "ஷ்யூர், டுமாரோ" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து, எந்த வேலையை யார் செய்வார்கள், எத்தனை மணி நேரம் ஆகும், டெஸ்டிங்குக்கு எவ்வளவு, நடுவில் பொங்கல் லீவு வருகிறதே அதற்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று வரி வரியாக எக்செல்லில் போட்டு, கடைசியில் 412 மணி நேரம் என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: ரொம்ப நன்றி, ஆனால் நானூறா ஆயிரமா என்று தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். பந்து மைதானத்துக்குள் எங்கே விழுந்தாலும் சரி, வெளியே போகாமல் இருந்தால் போதும் என்கிற மாதிரியான கணக்கு அது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் "குத்துமதிப்பா எவ்வளவு ஆகும்?". அவ்வளவுதான் அந்த மனிதர் கேட்டது.

இந்தக் கட்டுரை அப்படி ராத்திரி கண்விழிக்கப் போகிற புதியவர்களுக்கு. ஐந்நூறு மரபுத்தொடர்களை அர்த்தத்தோடு வரிசையாகப் போட்டுத் தரப்போவதில்லை, அப்படிப்பட்ட பட்டியல்கள் எங்கும் கிடைக்கும், அவற்றால் எனக்குப் பெரிய பயன் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" இருக்கிறதே, ஒன்பது வருஷமாக வெள்ளைக்காரர்களோடு தினமும் பேசுகிறேன், ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் அவர் கிண்டலாகச் சொன்னது. "பால்பார்க்" வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. அதனால் பட்டியலை விட, புதிதாக ஒன்று காதில் விழும்போது என்ன செய்வது என்பதுதான் முக்கியம்.

முதல் படி: அது மரபுத்தொடர் என்று கண்டுபிடிப்பது

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். "அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்" என்று யாரோ சொல்கிறார். அவன், எனக்கு, அல்வா, கொடுத்தான் எல்லாமே முதல் வாரத்திலேயே படித்த வார்த்தைகள். "பரவாயில்லையே, நல்ல மனுஷன்" என்று நினைத்துக்கொள்வார். ஏமாற்றப்பட்ட கதை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "கம்பி நீட்டிட்டான்", "காது குத்தாதே" எல்லாமே இந்த ரகம்.

ஆக, அடையாளம் இதுதான்: வார்த்தைகள் எல்லாம் சுலபம், ஆனால் அந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு வேலை இல்லை. கஷ்டமான வார்த்தை வந்தால் பயப்பட வேண்டாம், டிக்‌ஷனரியைப் பார்த்தால் தீர்ந்தது. பிராஜெக்ட் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பிளேட், ஒரு கயிறு, ஒரு குதிரை, ஒரு வாளி வந்து நின்றால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

இரண்டாவது படி: எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

முழு அர்த்தம் தெரியாவிட்டாலும், பேச்சு இப்போது பணத்தைப் பற்றியா, நேரத்தைப் பற்றியா, வேண்டாம் என்று சொல்வதா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். மீட்டிங்கில் இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது மூன்றாமவர் "லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்" என்றால், நெட்டை அணைக்கச் சொல்லவில்லை. இதை இத்தனை பேர் முன்னால் பேச வேண்டாம், அப்புறம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார். "புட் எ பின் இன் இட்" என்றால் இப்போதைக்கு இதை ஓரமாக வைப்போம். "ஆன் த பேக் பர்னர்" என்றால் அடுப்பின் பின்பக்க பர்னருக்குத் தள்ளிவிட்டார்கள், அதாவது கிடப்பில் போட்டாயிற்று. மூன்றுமே "இப்போது இல்லை" என்கிற பக்கம்தான். அது புரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

மூன்றாவது படி: எந்தக் குடும்பம்?

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கில மரபுத்தொடர்கள் வானத்திலிருந்து விழவில்லை. நெல்லும் மாட்டுவண்டியும் நம் பழமொழிக்குள் புகுந்த மாதிரி, அவர்கள் புழங்கிய இடங்களிலிருந்து வந்தவை. குடும்பம் தெரிந்தால் ஒன்று மறந்தாலும் இன்னொன்றை வைத்துப் பிடித்துவிடலாம்.

பெரிய குடும்பம் கப்பல். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்காரர்கள், பாய்மரக் கப்பலில் உலகம் சுற்றியவர்கள், வேறு எப்படி இருக்கும். புதிதாகச் சேரும் உங்களுக்கு மேனேஜர் "ஷீ வில் ஷோ யூ த ரோப்ஸ்" என்று ஒருவரைக் கைகாட்டுவார். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று தெரிந்தால்தான் மாலுமி. அதனால் அந்த வார்த்தைக்கு வேலையின் நெளிவு சுளிவுகளைச் சொல்லித் தருவது என்று அர்த்தம். "டேக்கன் அபேக்" என்றால் திடுக்கிட்டுப் போவது. காற்று திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துப் பாயைப் பாய்மரத்தோடு சேர்த்து அமுக்கினால், போய்க்கொண்டிருந்த கப்பல் அப்படியே தடுமாறி நின்றுவிடும். ஒருவர் முகத்தில் அந்தக் கணத்தைப் பார்த்திருப்பீர்கள். "பை அண்ட் லார்ஜ்" என்பதும் கப்பல் சமாச்சாரம்தான்: எதிர்க்காற்றை ஒட்டியும் ஓடும், பின்காற்றிலும் ஓடும் என்றால் அந்தக் கப்பல் மொத்தத்தில் நல்ல கப்பல். இன்றைக்கு "மொத்தத்தில்", "பெரும்பாலும்" என்கிற அர்த்தம் மட்டும்தான் மிச்சம், கப்பலை யாரும் நினைப்பதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது "த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்". ஷீட் என்றால் துணி, அதனால் பாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. கப்பல் பாஷையில் ஷீட் என்பது பாயின் கீழ்முனையைக் கட்டி இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது ஒன்றல்ல, மூன்றும் கையை விட்டுப் போய்க் காற்றில் ஆடினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, கப்பல் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தள்ளாடும். முழு போதையில் இருக்கிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். டாஸ்மாக் வாசலில் பார்த்தால் புரிந்துவிடும்.

அடுத்தது கிரிக்கெட். இதில் நமக்கு வசதி அதிகம், ஆனாலும் ஒரு பொறி உண்டு. "ஐ வாஸ் நாக்டு ஃபார் சிக்ஸ்" என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால் சிக்ஸர் அடித்த சந்தோஷம் இல்லை. அடித்தவர் அவர் இல்லை, அவர்தான் பந்து. அதிர்ச்சியில் நிலைகுலைந்து போனேன் என்கிறார். "ஸ்டிக்கி விக்கெட்" பழைய காலத்தது: பிட்சை மூடி வைக்காத நாட்களில் மழை பெய்து, பிறகு வெயில் அடித்துக் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு இக்கட்டில் மாட்டிக்கொள்வது. "ஆஃப் ஹிஸ் ஓன் பேட்" என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. ஹாட்ரிக் நாமே தினமும் சொல்கிறோம். 1858-ல் ஷெஃபீல்ட் ஹைட் பார்க் மைதானத்தில் எச்.எச். ஸ்டீவன்சன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்ததற்காகக் காசு திரட்டி ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்களாம், அந்த ஹாட் தான் இது.

எங்கள் டீமில் ஒரு தம்பி இருந்தான், கிரிக்கெட் பைத்தியம். லண்டன் கிளையன்ட் இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்து, தாத்தா இறந்துவிட்டார், 91 வயது, "ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்" என்றார். நம் ஆள் உடனே ஆர்வமாக, "ஓ, ஹி பிளேய்டு கிரிக்கெட்?" என்று கேட்டுவிட்டான். ஒரு நிமிஷம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததால் பிழைத்தோம். கல்யாணச் சாவு என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மனநிலையில் சொல்வது அது. நிறைவாக வாழ்ந்துவிட்டுப் போனார் என்பதுதான் பொருள்.

அமெரிக்கரிடம் இந்த இன்னிங்ஸ் எடுபடாது. அங்கே எல்லாம் பேஸ்பால். "டச் பேஸ்" என்றால் சும்மா ஒரு எட்டுத் தொடர்புகொண்டு பேசுவது. "ஸ்டெப் அப் டு த பிளேட்" என்பதில் வரும் பிளேட் சாப்பாட்டுத் தட்டு இல்லை, பேட்ஸ்மேன் நிற்கிற இடம், அதனால் பொறுப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வருவது. "கர்வ்பால்" எதிர்பாராத சிக்கல். முக்கியமாக "ரெயின் செக்": மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டு. சாப்பிடக் கூப்பிட்டீர்கள், அவர் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்றால், இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்கிறார். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்காதீர்கள்.

குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், குத்துச்சண்டை என்று இன்னும் குடும்பங்கள் உண்டு. "ஹேண்ட்ஸ் டவுன்" ஜெயித்தான் என்றால், கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாமல் கையைத் தளர்த்தியபடியே ஜாக்கி முதலில் வந்துவிட்டான், அவ்வளவு சுலபமான வெற்றி. மற்றவை போகப் போகப் பிடிபடும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வருகிற பிறப்புக் கதைகளை நம்பாதீர்கள். கூரை வீட்டின் ஓலைக்குள் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" வந்தது என்பது 1999 வாக்கில் ஈமெயிலில் சுற்றிய புருடா. "சேவ்டு பை த பெல்" என்பதற்கு, உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்த கதையைச் சொல்வார்கள். அதுவும் இல்லை, குத்துச்சண்டையில் அடி வாங்கித் தடுமாறுகிறவனை ரவுண்டு முடிகிற மணி காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். கதை எவ்வளவு ஜோராக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுவது என் வழக்கம்.

நான்காவது படி: கேட்டுவிடுங்கள், ஆனால் இப்படி

"வாட் இஸ் தி மீனிங்?" என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம். கேட்கத் தேவையே இல்லை. நீங்கள் ஊகித்ததை எளிமையான ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். "ஸோ எ ரஃப் நம்பர் இஸ் ஓகே, ரைட்?" என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன். ஊகம் சரியென்றால் "யெஸ்" என்பார், தப்பென்றால் அவரே விளக்குவார். இரண்டிலும் உங்கள் மரியாதை போகாது. அவர்களே ஒருவரை ஒருவர் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒருவரும் சும்மா விடக்கூடாத வார்த்தை ஒன்று இருக்கிறது: "டேபிள்". பிரிட்டனில் ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் இப்போதே பேச எடுத்து வைப்பது. அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு அதைத் தள்ளிவைப்பது என்று அர்த்தம். நேர் எதிர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமைகள் ஒரே அறையில் உட்கார்ந்து இந்த ஒரு வார்த்தைக்காக நெடுநேரம் காரசாரமாக மோதிக்கொண்டதையும், கடைசியில் இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பினார்கள் என்று தெரியவந்ததையும் சர்ச்சிலே தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. நாம் கேட்பதில் என்ன வெட்கம்?

ஐந்தாவது படி: ராத்திரி ஐந்து நிமிஷம்

கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரியும் ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் டிக்‌ஷனரியும் நெட்டில் இலவசமாகவே இருக்கின்றன. அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும்: பிரிட்டனில் மட்டும், அமெரிக்காவில் மட்டும், பேச்சு வழக்கு, பழைய பாணி, கிண்டல் என்று. அர்த்தத்தை விட அந்தக் குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும். "கிக் த பக்கெட்" என்றால் சாவது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது "மண்டையைப் போட்டுட்டான்" என்கிற ரகம் என்பது பலருக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்கும் மெயிலில் அதை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. அதில் தொடரை மட்டும் எழுதாதீர்கள், கேட்ட முழு வாக்கியம், சொன்னவர் எந்த நாட்டுக்காரர், என்ன நடந்தபோது சொன்னார், கடைசியில் அதற்கு நிகரான தமிழ். இந்தக் கடைசிக் கட்டம்தான் ருசியான பகுதி. "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" நமக்கு அத்தி பூத்தாற்போல். நிலக்கரி ஏற்றுமதிக்கே பேர்போன நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது என்று அவர்கள் சொல்வது நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. கல்லெறிந்து அவர்கள் இரண்டு பறவையைக் கொல்கிறார்கள், நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். (நம்முடையது எவ்வளவோ மேல்.) "எ டிராப் இன் தி ஓஷன்" என்று படித்ததும் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று ஓரத்தில் எழுதினேன், இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருந்து ஏமாற்றுபவையும் உண்டு. "ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்" என்று ஒருவர் சொன்னபோது, இவர் நம் காலை வாரிவிட்டார் போல, மேனேஜரிடம் ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பாவம் அவர், சும்மா தமாஷுக்குச் சீண்டினேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். உடம்பு உறுப்பு வருகிற தொடர்களில் இந்த ஆபத்து அதிகம். "கோல்ட் ஃபீட்" என்றால் கால் ஜில்லிட்டுப் போவதில்லை, எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டுக் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்" மட்டும் அப்படியே நம் கைகழுவுவதுதான்.

ஆறாவது படி: நீங்களே பயன்படுத்துவது

அவசரம் வேண்டாம். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு ஆட்கள் வாயால் கேட்ட பிறகுதான் நான் சொல்வேன். புத்தகத்தில் பார்த்ததற்கு இது பொருந்தாது. இன்னொன்று, உள்ளே இருக்கும் வார்த்தையை மாற்றக்கூடாது. "ஸ்பில் த பீன்ஸ்" என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. ஒரே ஒரு ரகசியம்தானே என்று ஒற்றை பீனைச் சிந்த முடியாது. "அல்வா கொடுத்தான்" என்பதை "மைசூர்பாக் கொடுத்தான்" என்று மாற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். காலத்தை மட்டும் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு மெயிலில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நான்கைந்தைத் திணித்து எழுதிய மெயில்களைப் பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டில் இருக்கிற நகையை எல்லாம் ஒரே கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

கடைசியாக, நம் பக்கத்துக் குப்பையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் சாதாரணமாக எழுதுவது அவர்களுக்கு மரபுத்தொடர் மாதிரிதான் தெரிகிறது. "ஹி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றால் எந்த ரயில் நிலையம் என்று யோசிப்பார்கள். ஊரில் இல்லை என்று நேராக எழுதிவிடலாம். "ஐ வில் ரிவர்ட்" என்று நாம் எழுதுவது பதில் சொல்கிறேன் என்பதற்காக, வெளியே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது, நம் சாஃப்ட்வேர் வேலையில் செய்த மாற்றத்தையே நீக்குவது. நான் ஒருமுறை "ஐ வில் ரிவர்ட் பை ஈவ்னிங்" என்று எழுதப்போய், போட்ட புரோகிராமை எதற்காக எடுக்கிறாய் என்று பதறிக்கொண்டு போன் வந்தது. பயோடேட்டாவில் "ஐ பாஸ்டு அவுட் இன் 2019" என்று இருந்தால் இன்றைக்கே மாற்றி "கிராஜுவேட்டட்" என்று போடுங்கள். படிப்பு முடித்தேன் என்று நீங்கள் நினைத்து எழுதியதை, 2019-ல் மயங்கி விழுந்தேன் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்.